காசு கட்டப் போராடிய நேரத்துக்கும் அபராதமா?

செயின்ட் லூயிஸ் நகர மையத்தில் கார் நிறுத்துமிடம் நடத்தும் நிர்வாகத்தாருக்கு,

வணக்கம். கேட்வே ஆர்ச் என்ற பிரம்மாண்ட எஃகு வளைவுக்கு நடந்து போகிற தூரத்தில் உள்ள உங்கள் இடத்தில் இந்தக் கோடையில் காரை நிறுத்திய குடும்பம் நாங்கள். கட்டணம் 15 டாலரைக் கட்டிவிட்டோம், ரசீதும் இருக்கிறது. ஆனாலும் சிகாகோ திரும்பிய பிறகு, உள்ளே நுழைந்ததற்கும் பணம் கட்டியதற்கும் நடுவே 22 நிமிடம் கட்டணமில்லாமல் நின்றதாக 75 டாலர் அபராத நோட்டீஸ் வந்திருக்கிறது. அதை ரத்து செய்யுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

அந்த 22 நிமிடமும் நான் உங்கள் பலகையின் முன்னால்தான் நின்றேன். கேட் கிடையாது, ஆள் கிடையாது, காசோ கார்டோ வாங்கும் மெஷின் கிடையாது. இருந்தது வெயிலில் வெளுத்துப்போன ஒரு கியூஆர் கோடு. அதன் மேல் பாதியை மறைத்து இன்னொரு கியூஆர் ஸ்டிக்கர். எது உங்களுடையது, எது எவனோ திருடன் ஒட்டியது? யோசித்து ஒன்றை ஸ்கேன் செய்தால், ஆப்பை இறக்கு என்றது. இறக்கினால் ஈமெயில், கார் நம்பர், கார்டு விவரம், அப்புறம் ஓடிபி. அது வரவே இல்லை. திரும்பக் கேட்டால், சற்றுப் பொறுத்து முயலவும் என்று பதில்.

பணம் கட்டாமல் நகர்ந்தால் வண்டியை இழுத்துப் போய்விடுவார்களோ என்று ஊரிலிருந்து வந்திருந்த அப்பாவும் அம்மாவும் காரை விட்டு இறங்கவில்லை. "பணத்தைக் கையில வாங்க ஒரு ஆளுகூடவா இல்ல?" என்று அம்மா கேட்டார். என்ன சொல்வது? ஆர்ச்சின் உள்ளே உச்சிக்கு ஏற்றிப்போகும் டிராமுக்கு நேரம் குறித்த டிக்கெட். அதற்கு முன்னால் பாதுகாப்புச் சோதனை வேறு. முட்டிவலிக்கார அப்பாவைக் கிட்டத்தட்ட ஓடவைத்துத்தான் கூட்டிப்போனோம்.

அந்த டிராமைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. டிக் பௌசர் என்ற மனிதர், பட்டம்கூட வாங்காதவர், இரண்டே வாரத்தில் வடிவமைத்துக் கொடுத்தது. 1967 முதல் ஓடுகிறது. ஐந்து பேர் முட்டி இடிக்க உட்காரும் அந்தக் குட்டிக் கூண்டு, 630 அடி உயரத்துக்கு நாலு நிமிடத்தில் ஏற்றிவிடுகிறது. உங்களால் நாலு நிமிடத்தில் 15 டாலர் வாங்க முடியவில்லை.

ஆர்ச்சை ஒட்டி இருந்த பார்க்கிங் கட்டடத்தைப் பூங்காவைப் புதுப்பித்தபோது எடுத்துவிட்டார்கள். நல்ல காரியம்தான், புல்வெளி அழகாக இருக்கிறது. ஆனால் அதனால்தான் வெளியூர்க்காரர்கள் எல்லாம் உங்களைப் போன்றவர்களிடம் வந்து நிற்கிறோம். வேறு வழியில்லாதவனிடம் காட்டும் அலட்சியமா இது?

மறுநாள் உங்கள் ஊரின் ஃபாரஸ்ட் பார்க் என்ற பெரிய பூங்காவுக்குப் போனோம். அங்குள்ள மிருகக்காட்சி சாலைக்கு நுழைவுக் கட்டணம் இல்லை, கலை அருங்காட்சியகத்துக்கும் இல்லை. நகரத்தாரும் சுற்றுவட்டாரத்தாரும் 1971-இல் வாக்களித்து, தங்கள் சொத்து வரியிலிருந்து அவற்றை நடத்துகிறார்கள். முன்பின் தெரியாத எங்கள் பிள்ளைகள் நீர்யானை பார்ப்பதற்கு அவர்கள் காசு கொடுக்கிறார்கள். அதே ஊரில், பணம் கட்ட வழி தேடிய நேரத்துக்கு நீங்கள் அபராதம் போடுகிறீர்கள். இப்போதெல்லாம் ஹோட்டலில் மெனு பார்க்கக்கூட போனை நீட்ட வேண்டியிருக்கிறது. சார்ஜ் தீர்ந்தவனுக்குச் சோறும் கிடையாது போல. அடுத்து என்ன, தும்முவதற்கும் ஒரு ஆப்பா?

சரி, கோபத்தில் எங்கோ போய்விட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ரசீதையும் நோட்டீஸின் நகலையும் இத்துடன் வைத்திருக்கிறேன். தயவுசெய்து அபராதத்தை ரத்து செய்யுங்கள். வண்டி உள்ளே வந்ததும் பணம் கட்டக் குறைந்தது அரைமணி அவகாசம் என்று பலகையில் எழுதுங்கள். கார்டு செருகும் மெஷின் ஒன்றாவது வையுங்கள். அந்த 22 நிமிடத்துக்கும் வாடகைதான் வேண்டுமென்றால், 15 டாலர் கணக்கில் எவ்வளவு வருகிறது என்று எழுதுங்கள், செக் அனுப்புகிறேன். 75 டாலர் தரமாட்டேன்.

இப்படிக்கு,
ரசீது கையில் உள்ள ஒரு வாடிக்கையாளர்