பந்தய பிரேக் பேடும் மார்கழிக் காலையும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தங்கள் நாளிதழின் வாகனப் பகுதியில் சென்ற வாரம் வெளியான, ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்போருக்கான பராமரிப்புக் குறிப்புகளைப் படித்தேன். டயரைப் பற்றியும் இன்ஜின் ஆயிலைப் பற்றியும் சொல்லப்பட்டவை சரியானவை. ஆனால், செலவைப் பொருட்படுத்தாதவர்கள் பந்தய ரக பிரேக் பேடுகளையே (சக்கரத்தோடு சுழலும் டிஸ்க் என்ற தட்டை அழுத்திப் பிடிக்கும் உராய்வுக் கட்டைகள்) போட்டுவிடலாம், அன்றாடச் சாலையிலும் அவை கூடுதல் பாதுகாப்பு தரும் என்ற பொருளில் வந்த வரியை அப்படியே விட்டுவிட என் மனம் ஒப்பவில்லை. கோயம்புத்தூரில் இருபது ஆண்டுகளுக்கு மேலாக பிரேக் வேலையையே முதன்மையாகச் செய்துவருபவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

கடந்த மார்கழியில் ஓர் இளைஞர் விடியற்காலையிலேயே என் பட்டறைக்கு வந்தார். கோவையை அடுத்த செட்டிப்பாளையத்தில் உள்ள கரி மோட்டார் ஸ்பீட்வே என்ற பந்தய டிராக்கில் ஓட்டுவதற்காகப் பந்தய பேடுகளை மாட்டியிருந்தார். ஞாயிற்றுக்கிழமை முழுவதும் கார் அவர் நினைத்த இடத்தில் நின்றிருக்கிறது. திங்கள் காலை வீட்டிலிருந்து கிளம்பி, அவிநாசி சாலையின் முதல் சிக்னலில் வழக்கம்போல் பெடலை மிதித்தபோது வேகம் குறையவே இல்லை. இருக்கையிலிருந்து எழுந்து நிற்பதுபோல் முழு பலத்தையும் கொடுத்து அழுத்திய பிறகு, முன்னால் நின்ற பால் வண்டிக்கு ஒரு முழம் விட்டுக் கார் நின்றது. அலுவலகம் போகாமல் நேராக என்னிடம் வந்துவிட்டார். நான்கு சக்கரங்களையும் கழற்றிப் பார்த்தேன். ஆயில் கசிவு இல்லை, பேடுகளைத் தாங்கி அழுத்தும் கேலிப்பரின் பின்கள் தடையின்றி நகர்ந்தன, டிஸ்க்கின் முகம் சீராக இருந்தது. பேடிலும் எந்தக் குறையும் இல்லை. அது குளிர்ந்திருந்தது, அவ்வளவுதான்.

பிரேக் பேடு ஒவ்வொன்றுக்கும் அது நன்றாகப் பிடிக்கும் வெப்ப எல்லை உண்டு. நகர ஓட்டத்தில் டிஸ்க்கின் சூடு பெரும்பாலும் 100 முதல் 200 டிகிரி செல்சியஸுக்குள்தான் இருக்கும். காலையில் முதல் முறை மிதிக்கும்போது அதுகூட இராது. பந்தயக் களத்தில் அதே டிஸ்க் 500, 600 டிகிரியைத் தொடும். அந்தச் சூட்டில் கரைந்துபோகாமல் பிடிப்பதற்காகவே தயாரிக்கப்படும் கலவைகளில் பல, குளிர்ந்த நிலையில் சாதாரண பேடு தரும் பிடிப்பைக்கூடத் தருவதில்லை. ஓரிரு முறை அழுத்திச் சூடேறிய பிறகுதான் அவை விழித்துக்கொள்ளும். சாலையில் குழந்தை குறுக்கே ஓடிவரும்போது நமக்குக் கிடைப்பது முதல் அழுத்தம் மட்டுமே.

இன்னொன்றையும் உரிமையாளர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். சக்கரத்தை நிறுத்துவது பிரேக்; காரை நிறுத்துவது டயர். நல்ல நிலையில் உள்ள ஸ்போர்ட்ஸ் காரின் கம்பெனி பேடுகள், சாலை வேகத்தில் ஓங்கி மிதித்தால், சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ்ஸை இயங்க வைக்கும் அளவுக்கு ஏற்கெனவே பிடிக்கின்றன. அந்த நிலையை எட்டிய பிறகு எவ்வளவு விலை உயர்ந்த பேடு போட்டாலும், சூடில்லாத ஒரே ஒரு நிறுத்தத்தில் தூரம் குறையப்போவதில்லை. கூடுதல் பணத்துக்கு நாம் வாங்குவது, திரும்பத் திரும்ப மிதித்தாலும் சூட்டில் தளராத தன்மையைத்தான்.

அந்தத் தன்மை டிராக்கில் ஏன் தேவைப்படுகிறது என்பதற்கு ஒரு சிறு கணக்குப் போதும். 1,400 கிலோ எடையுள்ள கார் 60 கிலோமீட்டர் வேகத்திலிருந்து நிற்கும்போது, ஏறத்தாழ 2 லட்சம் ஜூல் ஆற்றலை வெப்பமாக மாற்ற வேண்டியிருக்கிறது. 180 கிலோமீட்டரிலிருந்து நிற்க வேண்டுமானால் அது பதினேழரை லட்சம் ஜூல். வேகம் மூன்று மடங்கானால் வெப்பம் ஒன்பது மடங்காகிறது. சென்னையை அடுத்த, 3.7 கிலோமீட்டர் நீளமுள்ள இருங்காட்டுக்கோட்டை டிராக்கை ஏறத்தாழ இரண்டு நிமிடத்தில் சுற்றிவரும் கார், ஒவ்வொரு சுற்றிலும் பல முறை இத்தகைய வெப்பத்தைத் தாங்க வேண்டியிருக்கிறது. செட்டிப்பாளையம் டிராக் 2.1 கிலோமீட்டர்தானே, வேகமும் குறைவுதானே என்று சிலர் அலட்சியமாகச் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். அங்கே ஒரு வளைவுக்கும் அடுத்த வளைவுக்கும் இடையே டிஸ்க் ஆறுவதற்கு நேரம் கிடைப்பதில்லை என்பதை அவர்கள் கணக்கில் எடுப்பதில்லை.

ஆகவே சாலை பேடுகளோடு டிராக்கில் இறங்குவதும் ஆபத்துதான். இங்கே இரண்டு விதமான கோளாறுகளைப் பிரித்தறிய வேண்டும். ஓட்டுபவரின் கால் இதை உடனே உணரும். பெடல் கல்லைப்போல் கெட்டியாக இருந்தும் கார் நிற்கவில்லையென்றால், பேடு தன் வெப்ப எல்லையைத் தாண்டிவிட்டது என்று பொருள். கழற்றிப் பார்த்தால் பேடின் முகம் கண்ணாடிபோல் பளபளக்கும், ஓரங்கள் சாம்பல் பூத்து வெளுத்திருக்கும், டிஸ்க்கில் நீலம் ஓடியிருக்கும். பெடல் பஞ்சுபோல் அமுங்கித் தரைவரை போய்விட்டால், கொதித்தது, பெடலின் அழுத்தத்தைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் பிரேக் ஆயில்; அதில் எழும் ஆவிக்குமிழிகள்தான் அமுங்குகின்றன. பல வருடங்களுக்கு முன் இருங்காட்டுக்கோட்டையில் ஐந்தாவது சுற்றில் என் காலுக்கடியில் பெடல் அப்படிப் போனது. ஓட்டுப்பாதைக்கு வெளியே இருந்த திறந்த மண்தரைதான் என்னைக் காப்பாற்றியது. புத்தம் புதிய பந்தய பேடுகளை மாட்டியிருந்தேன். ஆயிலை மாற்றி இரண்டு ஆண்டுகளுக்கு மேலாகியிருந்தது.

பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. டாட் 4 என்ற தர வகை ஆயில், சீல் பிரித்த புதிதில் குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்கக்கூடாது என்பது விதி; அதில் 3.7 சதவீதம் நீர் சேர்ந்தபின் அந்த வரம்பு 155 டிகிரியாக இறங்கிவிடுகிறது. டாட் 5.1 வகைக்கு இவை 260, 180. நல்ல பேடுக்கு ஆயிரக்கணக்கில் செலவழிப்பவர்கள் ஆயில் மாற்றுவதை மறந்துவிடுவது எனக்குப் பெரிய வருத்தம். டிராக்குக்குப் போகும் முன் ஆயிலை மாற்றி, காற்றுக்குமிழி இல்லாமல் எடுத்துவிடுவதே முதல் வேலை.

என் பட்டறைக்கு வருபவர்களுக்கு நான் சொல்வது இரண்டு ஜோடி பேடுகள். அன்றாட ஓட்டத்துக்குக் கம்பெனி பேடு. டிராக் நாளுக்குத் தனி பேடு, அங்கே போய் மாட்டி, அங்கேயே கழற்றிவிட வேண்டும். கேலிப்பர் பின்னைக் கழற்றத் தெரிந்தவருக்கு நான்கு சக்கரங்களுக்கும் சேர்த்து ஒன்றரை மணி நேர வேலைதான். வருடத்துக்கு ஓரிரு முறை மட்டும், அதுவும் நிதானமாக ஓட்டுபவர்கள், இரண்டுக்கும் நடுவே நிற்கும் பேடுகளைக் கருதலாம். ஃபெரோடோ நிறுவனத்தின் டிஎஸ் 2500 போன்றவை குளிரிலும் ஓரளவு பிடிக்கும், டிராக்கிலும் சில சுற்றுகள் தாங்கும். சாலையில் கிறீச்சிடுவதையும், சக்கரத்தில் படியும் கரும்பொடியையும் பொறுத்துக்கொள்ள வேண்டியிருக்கும். மழையில் நனைந்த பொடியை அப்படியே விட்டால் துருவேறி அலாய் சக்கரத்தின் பெயின்டைத் தின்றுவிடும்.

முன்சக்கரங்களுக்கு மட்டும் அதிகம் பிடிக்கும் பேடு போட்டுவிட்டுப் பின்சக்கரங்களை மறந்துவிடுவதும், அதற்கு நேர்மாறாகச் செய்வதும் கூடாது. காரைத் தயாரித்தவர்கள் முன்னும் பின்னும் வகுத்துவைத்த சமநிலை அதனால் குலைகிறது; பின்பக்கம் அதிகம் பிடித்தால் கார் வால் சுழற்றும்.

புதிய பேடைப் பழக்குவதைப் புதுத் தோசைக்கல்லைப் பழக்குவதோடு ஒப்பிட்டுத்தான் நான் விளக்குவது வழக்கம். கல்லில் எண்ணெய் ஏறிப் படிந்த பிறகுதான் தோசை ஒட்டாமல் வருகிறது. அதுபோல பேடின் கலவை டிஸ்க்கின் முகத்தில் மெல்லிய படலமாகச் சீராகப் படிந்த பிறகுதான் முழுப் பிடிப்பு கிடைக்கிறது. முழுவதும் நிறுத்தாமல், வேகத்தை ஏற்றி இறக்கிப் பத்துப் பன்னிரண்டு முறை மிதித்துச் சூடாக்கி, பிறகு பிரேக்கைத் தொடாமல் ஓட்டி ஆறவிட வேண்டும். கொதிக்கும் டிஸ்க்கோடு காரை நிறுத்திப் பெடலை மிதித்தபடியே இருந்தாலோ, ஹேண்ட்பிரேக்கை இழுத்தாலோ, பேடின் அச்சு ஓரிடத்தில் பதிந்து, அடுத்த நாள் முதல் ஸ்டியரிங் நடுங்கும். டிஸ்க் வளைந்துவிட்டது என்று சொல்லிக்கொண்டு என்னிடம் வரும் கார்களில் பல இந்த வகைதான்.

பேடின் விளிம்பில் அச்சிட்டிருக்கும் இரண்டு ஆங்கில எழுத்துகளை வாங்குபவர்கள் பார்க்கப் பழக வேண்டும். முதல் எழுத்து சாதாரணச் சூட்டில் உள்ள உராய்வையும், இரண்டாவது அதிகச் சூட்டில் உள்ள உராய்வையும் குறிக்கும். இ (E) என்றால் உராய்வு எண் 0.25 முதல் 0.35, எஃப் (F) என்றால் 0.45 வரை, ஜி (G) என்றால் 0.55 வரை; எண் கூடினால் பிடிப்பும் கூடும். ஆனால் குளிர்ந்த நிலையில் எப்படிப் பிடிக்கும் என்பதை இந்த எழுத்துகள் முழுமையாகச் சொல்லிவிடாது.

ஆகவே பேடு விற்கும் கடைக்காரர்களுக்குத் தங்கள் நாளிதழ் வழியாக ஒரு கோரிக்கை வைக்கிறேன். பெட்டியின் மேல் பந்தயம் என்ற சொல்லைப் பெரிதாகப் பார்த்துக் கேட்டு வருபவரிடம், வண்டி எங்கே ஓடப்போகிறது என்பதை முதலில் கேளுங்கள். எந்தச் சூட்டிலிருந்து எந்தச் சூடு வரை அந்தப் பேடு பிடிக்கும் என்று தயாரிப்பாளர் தரும் விவரத்தைப் பில்லிலேயே தமிழில் எழுதிக் கொடுங்கள். சாலைக்கு ஏற்றதல்ல என்று தயாரிப்பாளரே சொல்லும் பேடுகளை விற்கும்போது, அதை வாய்மொழியாகவும் ஒரு முறை சொல்லுங்கள். என்னிடம் வந்த அந்த இளைஞருக்கு பேடு விற்றவர் இதை ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், ஞாயிறு மாலையே பழைய பேடுகளை மாட்டிக்கொண்டு அவர் வீடு திரும்பியிருப்பார்.

இப்படிக்கு,
பிரேக் மெக்கானிக் ஒருவர்,
பீளமேடு, கோயம்புத்தூர்.