செனெகாவின் கடிதத்தை முழுதாக வெளியிடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தங்கள் நாளிதழின் பொன்மொழிக் கட்டத்தில் சில வாரங்களாக ரோமானிய அறிஞர் செனெகாவின் வாக்கியங்கள் வருகின்றன. காலைக் காப்பியோடு அவற்றைத் தவறாமல் படித்து வருகிறேன். நல்ல வார்த்தைகள்தாம்; ஆனால் எந்த நூலில், எந்தக் கடிதத்தில் உள்ளவை என்ற குறிப்பு ஒருநாளும் இருப்பதில்லை.

செனெகா தம் நண்பர் லூசிலியசுக்கு எழுதியவற்றுள் 124 கடிதங்கள் நமக்குக் கிடைத்துள்ளன. தொடக்கக் கடிதங்கள் பலவற்றைப் பிறருடைய நல்வாக்கு ஒன்றோடு முடித்தவர், அப்படியே தொடரும்படி நண்பர் கேட்டபோது, 33ஆம் கடிதத்தில் மறுத்துவிடுகிறார். உதிரிப் பூக்களைப் பொறுக்குவது சிறுவர்க்குத் தகும், வளர்ந்தவருக்கு அழகன்று என்றும், பிறர் வாக்கை ஒப்பிப்பதை விட்டுச் சொந்தமாக ஏதேனும் சொல்ல வேண்டும் என்றும் அதில் கண்டிக்கிறார். அவரையே இன்று நாம் கட்டத்துக்குள் அடைத்திருக்கிறோம்.

வெட்டி எடுப்பதால் போவது என்ன என்பதற்கு முதல் கடிதமே போதும். காலம் ஒன்றே நம்முடைய உடைமை என்னும் வரி மட்டுமே எங்கும் உலவுகிறது. அதே கடிதத்தில் செனெகா, தாமும் காலத்தை வீணாக்குகிறவரே என்று ஒப்புக்கொண்டு, ஆனால் எதை இழந்தேன், ஏன், எப்படி இழந்தேன் என்று கணக்குச் சொல்ல முடியும் என்கிறார். பர்மாவில் வட்டிக்கடை ஒன்றில் அடுத்தாளாக, அதாவது முதலாளியின் முகவருக்கு உதவியாளராக இருந்து, நட்டத்தையும் மறைக்காமல் ஐந்தொகை எழுதி ஊருக்கு அனுப்பிய பாட்டனாரின் பேரனாகிய எனக்கு, உபதேசத்தைவிட இந்த ஒப்புதலே பெரிதாகப் படுகிறது. (செனெகாவும் வட்டிக்குக் கொடுத்தவர்தாம், பிரிட்டனில் அவர் கொடுத்திருந்த கடன் 4 கோடி செஸ்டர்ஸ் (ரோமானிய நாணயம்) என்று பிற்கால வரலாற்றாசிரியர் டியோ எழுதுகிறார். டியோவுக்கு அவரைப் பிடிக்காது என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.)

செனெகா வாழ்ந்த அதே கி.பி. முதல் நூற்றாண்டில் ரோமில் சொற்கலை கற்பித்த குவிண்டிலியன், அழிப்பது எளிது என்பதால் மெழுகுப் பலகையில் எழுதுவதே சிறந்தது என்கிறார். எழுத்தாணிக்கு எழுதுவதும் அழிப்பதும் சம வேலை என்பது அவர் கொள்கை. பலகை அளவுக்கு மீறி அகலமாக இருக்கக்கூடாது என்றும் எச்சரிக்கிறார். அவருக்குத் தெரிந்த இளைஞர் ஒருவர் வரிகளை எண்ணியே அளவு பார்த்ததால், அகலப் பலகையில் அவருடைய உரைகள் நீண்டுகொண்டே போயினவாம். எத்தனை சொல்லியும் திருந்தாதவர், பலகையை மாற்றியதும் திருந்தினாராம். தங்கள் கட்டத்தின் குறை இதற்கு நேர்மாறானது. பலகை குறுகியதால் கருத்தும் குறுகிவிட்டது.

முதல் கடிதம் மிகச் சிறியது. அதை நல்ல தமிழாக்கத்தில் ஒரு ஞாயிறு இதழில் முழுதாக வெளியிட்டு, கட்டத்தில் இனி வரும் வாக்கியங்களுக்குக் கடித எண்ணையும் சேர்க்குமாறு வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
காரைக்குடி