பதில் போடாமல் எங்கள் டிரேட்மார்க் விண்ணப்பத்தைக் கைவிட்டது பற்றிப் புகார்

பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

வணக்கம்.

காங்கேயத்தில் மரச்செக்கு எண்ணெயும், கூடவே இட்லிப் பொடி, சாம்பார் பொடியும் ஒரே பெயரில் 2014-லிருந்து விற்று வருகிறோம். அந்தப் பெயரைப் பதிவு செய்து தரச் சொல்லித்தான் உங்களிடம் பணம் கட்டினோம். இப்போது அரசின் டிரேட்மார்க் தளத்தில் விண்ணப்ப எண்ணைப் போட்டுப் பார்த்தால் விண்ணப்பம் கைவிடப்பட்டது என்று வருகிறது. நாங்கள் எதையும் கைவிடவில்லை, கைவிட்டது நீங்கள்.

கிண்டியில் இருக்கும் டிரேட்மார்க் பதிவகம், விண்ணப்பத்தைப் பரிசீலித்து ஆட்சேபங்களைச் சொல்லும் ஆய்வறிக்கையை மின்னஞ்சலில்தான் அனுப்புகிறது. டிஎம்-ஏ என்ற விண்ணப்பப் படிவத்தில் எங்கள் மெயில் ஐடி இருக்க வேண்டிய இடத்தில் உங்கள் ஐடியைப் போட்டிருக்கிறீர்கள், அதனால் அறிக்கை நேராக உங்களிடம் வந்திருக்கிறது. வந்த 30 நாளுக்குள் பதில் போடாவிட்டால் விண்ணப்பம் போய்விடும் என்பது இந்தத் தொழிலில் இருக்கிற உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நீங்கள் பதிலும் போடவில்லை, அறிக்கையை எங்களுக்கு அனுப்பவும் இல்லை. இடையில் போன் செய்து கேட்டபோதெல்லாம் "பிராசஸ்ல இருக்கு சார், அரசாங்க வேலை, லேட் ஆகத்தான் செய்யும்" என்றே உங்கள் ஆட்கள் சொன்னார்கள்.

அந்த அறிக்கையை இப்போது நானே தளத்திலிருந்து இறக்கிப் படித்தேன். எங்கள் பெயரைப் போலவே ஒலிக்கும் ஒரு பெயரை வேறொருவர் 2019-இல் விண்ணப்பித்திருக்கிறார் என்று டிரேட்மார்க் சட்டத்தின் பிரிவு 11-இன் கீழ் ஆட்சேபம். இதற்குப் பதில் எங்கள் கையிலேயே இருந்தது. 2014-இலிருந்து உள்ள பில் புத்தகம், பழைய லேபிள், உணவுப் பாதுகாப்பு உரிமம் எல்லாவற்றையும் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறேன், "ரிசீவ்டு சார்" என்று நீங்கள் போட்ட பதிலும் இருக்கிறது. ஆனால் படிவத்தில் என்ன எழுதியிருக்கிறீர்கள்? இனிமேல்தான் இந்தப் பெயரைப் பயன்படுத்தப் போகிறோமாம்! முதலில் பயன்படுத்தியவர் யார் என்பதுதான் இதில் எங்களுக்கு இருந்த ஒரே பிடி, அதைப் படிவத்திலேயே விட்டுவிட்டீர்கள். பயன்பாட்டுத் தேதியைப் போட்டு, ஆதாரத்தோடு ஒரு பிரமாணப் பத்திரமும் சேர்த்திருந்தால் அந்த ஆட்சேபத்துக்கு எதிராக நின்று பேசியிருக்கலாம்.

அடுத்தது கிளாஸ், அதாவது எந்தப் பொருள் வகைக்குப் பெயரைப் பதிகிறோம் என்பதற்கான எண். பொடி வகை 30-இல் வரும், சமையல் எண்ணெய் 29-இல் வரும். தேங்காய் எண்ணெயைத் தலைக்கு என்று விற்றால் அது 3. நாங்கள் விற்பதெல்லாம் சமையலுக்கு, பொருள் பட்டியலில் முதலில் எழுதிக் கொடுத்ததே எண்ணெய்தான். நீங்கள் 30-இல் மட்டும் போட்டிருக்கிறீர்கள். அப்படியானால் எல்லாம் நல்லபடியாக நடந்து பதிவே ஆகியிருந்தாலும் எங்கள் முக்கிய வியாபாரமான எண்ணெய் அதில் வந்திருக்காது.

பணத்துக்கு வருகிறேன். அரசுக் கட்டணம் என்று 9,000 ரூபாய் வாங்கினீர்கள், உங்கள் சேவைக் கட்டணம் தனி. எங்களிடம் சிறு நிறுவனம் என்பதற்கான உத்யம் சான்றிதழ் இருக்கிறது, சிறு நிறுவனங்களுக்கு ஆன்லைனில் ஒரு கிளாஸுக்கு 4,500 தான். தளத்தில் இருக்கும் விண்ணப்பத்திலும் 4,500 கட்டியதாகத்தான் இருக்கிறது. மீதி எங்கே?

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். விண்ணப்ப எண் வந்த கையோடு லேபிளில் வட்டத்துக்குள் ஆர் போட்டுக்கொள்ளலாம் என்று உங்கள் பிரதிநிதி சொன்னார். பதிவாகும் வரை டிஎம் என்றுதான் போடலாம், பதிவாகாத பெயருக்கு ஆர் போடுவது சட்டப்படி தவறு. அச்சகத்துக்காரர் பிளேட் போடும் முன்பு "பதிவு ஆயிருச்சுங்களா, சர்டிபிகேட் இருக்குங்களா?" என்று கேட்டதால்தான் நான் தளத்தைத் திறந்தே பார்த்தேன். அவர் கேட்காமல் இருந்திருந்தால் அந்த லேபிளோடு பாட்டில்கள் கடைக்குப் போயிருக்கும், மாட்டுவது நாங்கள்.

எனக்கு வேண்டியது இதுதான். கூடுதலாக வாங்கிய 4,500-ஐயும் சேவைக் கட்டணம் முழுவதையும் திருப்பித் தாருங்கள். 29, 30 இரண்டு கிளாஸிலும், 2014 என்ற பயன்பாட்டுத் தேதியோடு புதிய விண்ணப்பம் போட ஆகும் அரசுக் கட்டணம் உங்கள் பொறுப்பு. விண்ணப்பத்தை நீங்கள் போட வேண்டாம், வேறொரு வழக்கறிஞரைப் பார்த்துவிட்டேன். பதிவகத்திலிருந்து உங்களுக்கு வந்த மெயில்கள் அனைத்தையும், வந்த தேதி தெரியும்படி எனக்கு அனுப்புங்கள், அவருக்கு அவை தேவைப்படுகின்றன. புது விண்ணப்பத்துக்குப் புது விண்ணப்பத் தேதிதான் கிடைக்கும், இழந்த பழைய விண்ணப்பத் தேதியை உங்களால் திருப்பித் தர முடியாது என்பதால்தான் பணத்தில் ஒரு ரூபாய்கூட விட்டுக்கொடுக்க மாட்டேன்.

15 நாளுக்குள் எழுத்தில் பதில் வேண்டும், போனில் சமாதானம் வேண்டாம். வராவிட்டால் 1915 என்ற எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்தில் பதிந்துவிட்டு நுகர்வோர் ஆணையத்துக்குப் போகிறேன். வாட்ஸ்அப் உரையாடல், பணம் கட்டிய ரசீது, தளத்திலிருந்து எடுத்த விண்ணப்ப நகல், ஆய்வறிக்கை எல்லாம் இத்துடன் இணைத்திருக்கிறேன்.