முகநூலுக்கு முன்பே ஆர்குட் வந்தது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் சென்ற ஞாயிறு இணைப்பில் இணையத் தொழில்முனைவோரைப் பற்றி வெளியான கட்டுரையைப் படித்தேன். சமூக வலைத்தளம் என்ற ஒன்றை நம் பக்கத்து இளைஞர்கள் முகநூல் வழியாகத்தான் முதன்முதலில் அறிந்தார்கள் என்று அதில் எழுதப்பட்டிருக்கிறது. அது சரியன்று. சேலம் செர்ரி ரோட்டில் 2003 முதல் 2011 வரை எட்டுக் கணினிகளை வைத்து பிரவுசிங் சென்டர் நடத்தியவன் என்ற முறையில் இதை உறுதியாகச் சொல்கிறேன். அந்த ஆண்டுகளில் என் கடைக்கு வந்த மாணவர்களில் பெரும்பாலோர், ரிஜிஸ்டரில் பெயரும் முகவரியும் எழுதிவிட்டு நாற்காலியில் அமர்ந்ததும் முதலில் திறந்த பக்கம் ஆர்குட் என்ற சமூக வலைத்தளம். முகநூல் என்ற பெயரையே அவர்களில் பலர் படிப்பை முடித்து ஊரை விட்டுப் போகும்வரை கேள்விப்பட்டதில்லை.

அத்தளத்தை உருவாக்கிய ஆர்குட் புயுக்கொக்டென் என்ற துருக்கியப் பொறியாளரின் பெயர் கட்டுரையில் ஓரிடத்தில்கூட இல்லாதது எனக்கு வருத்தமளித்தது. வென்றவர்களின் கதையை எல்லோரும் சொல்கிறார்கள். நம் ஊர்ப் பொறியியல் மாணவர்களுக்கு இவருடைய கதை அதைவிடப் பயன்படும் என்று மனப்பூர்வமாக நம்புவதால்தான் இக்கடிதத்தைச் சற்று நீளமாகவே எழுதுகிறேன்.

துருக்கியின் கோன்யா நகரில் 1975-ல் பிறந்த அவர், அங்காராவில் உள்ள பில்கென்ட் பல்கலைக்கழகத்தில் கணினிப் படிப்பை முடித்து, முனைவர் பட்டத்துக்காக அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்துக்குச் சென்றார். கையடக்கக் கருவிகளின் சின்னஞ்சிறு திரையில் இணையப் பக்கங்களை எப்படிப் படிக்க வைப்பது என்று, தொடுதிரைக் கைப்பேசிகள் வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பே அவர் ஆராய்ந்திருக்கிறார். 2001-ல், தம்மோடு படித்த மாணவர்களுக்கென்றே கிளப் நெக்சஸ் என்ற வலைத்தளத்தைத் தொடங்கினார். அதில் ஒருவர் தம் நண்பர்களைப் பட்டியலிடலாம், நண்பரின் நண்பர் யார் என்று பார்க்கலாம், தம்மைப்போன்ற விருப்பம் உள்ளவர்களைத் தேடிக்கொள்ளலாம். அந்த ஒரே வளாகத்தில் 2000-க்கும் மேற்பட்டோர் சேர்ந்தார்கள். ஹார்வர்டு விடுதி அறையில் முகநூல் பிறந்தது 2004 பிப்ரவரியில். கிளப் நெக்சஸ் அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கும் மேல் மூத்தது.

அடுத்து நண்பர் ஒருவரோடு கூட்டுச் சேர்ந்து அஃபினிட்டி எஞ்சின்ஸ் என்ற நிறுவனத்தைத் தொடங்கி, பழைய மாணவர் சங்கங்களுக்கான இன்சர்க்கிள் என்ற தளத்தை உருவாக்கினார். 2002-ல் கூகுள் நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தார். வேலை நேரத்தில் ஐந்தில் ஒரு பங்கைத் தமக்குப் பிடித்த முயற்சிக்குச் செலவிட அந்நிறுவனம் தன் பொறியாளர்களுக்கு இடம் கொடுத்திருந்தது. அந்த நேரத்தில் அவர் எழுதிய தளமே 2004 ஜனவரியில் அவர் பெயராலேயே வெளிவந்தது. தமது இன்சர்க்கிளின் நிரலே அதில் பயன்படுத்தப்பட்டிருப்பதாகக் குற்றஞ்சாட்டி அஃபினிட்டி எஞ்சின்ஸ் அதே ஆண்டில் கூகுள் மீது வழக்குத் தொடுத்தது என்பதையும் சேர்த்தே மாணவர்கள் அறிய வேண்டும்; ஒரு நிறுவனத்தை விட்டு இன்னொன்றுக்குப் போகும்போது எது நம்முடையது, எது பழைய இடத்துக்குச் சொந்தம் என்ற கேள்வி அங்கே எழுந்தது.

ஆர்குட்டில் தொடக்கத்தில் யாரேனும் அழைத்தால்தான் சேர முடியும். அந்த அழைப்புக்காக என் கடையில் பிள்ளைகள் கெஞ்சியதை நான் பார்த்திருக்கிறேன். ஆனால் என் நினைவில் அழியாமல் நிற்பது 2007 ஏப்ரல் மாதத்தின் ஒரு மாலை. கலைக் கல்லூரியில் கடைசி ஆண்டு முடிகிற நேரம். முன்பெல்லாம் அந்த நாட்களில் ஆட்டோகிராஃப் நோட்டுகள் கைமாறும். அன்று எட்டு நாற்காலிகளிலும் ஆட்கள் இருக்க, வாசல்வரை வரிசை நின்றது. ஒருவருக்கொருவர் 'டெஸ்டிமோனியல்' எழுதிக்கொண்டிருந்தார்கள். நண்பனைப் பற்றி நாம் எழுதும் அந்த வாசகம், அவன் படித்து ஒப்புக்கொண்டால்தான் அவன் பக்கத்தில் தெரியும். ஏற்காட்டு மலைக்கிராமம் ஒன்றிலிருந்து தினமும் பஸ்ஸில் இறங்கி வந்து படித்த மாணவர் ஒருவர், தம் வகுப்புத் தோழருக்காக நான்கு வரி எழுதி, அழித்து, மறுபடி எழுதி, கடைசி பஸ்ஸைத் தவறவிட்டு, அந்தத் தோழரின் அறையிலேயே இரவு தங்கினார். பின்னாளில் ஆங்கில எழுத்தில் அடித்தால் தமிழில் மாறும் வசதி அத்தளத்தில் வந்தபோது, 'அம்மா' என்று திரையில் தெரிந்ததைக் காட்ட ஒரு மாணவி என்னைக் கல்லாவிலிருந்து எழுப்பி அழைத்துப்போனார்.

மனிதர்கள் ஒருவரைப் பற்றி ஒருவர் நிதானித்து எழுதுவதற்கு இடம் ஒதுக்கிய அந்தத் தளத்தை உருவாக்கியவர் புயுக்கொக்டென். அமெரிக்காவில் அதற்குப் பெரிய வரவேற்பு இல்லை. பிரேசிலும் இந்தியாவும்தான் அதைத் தூக்கிப் பிடித்தன. போலிக் கணக்குகளும் வெறுப்பைப் பரப்பிய குழுக்களும் அங்கே இருந்தன என்பதை நான் மறைக்கவில்லை. பெண்களின் புகைப்படத்தை எடுத்துப் போலிப் பக்கம் தொடங்கும் கொடுமையும் நடந்தது. அதைத் தடுப்பதில் அத்தளம் பின்தங்கியே இருந்தது.

2008-ல் அதன் நிர்வாகம் பிரேசிலின் பெலோ ஹொரிசோன்ட் நகருக்கு மாறியது. 2010-ல் இந்தியாவில் முகநூல் அதை முந்தியது. 2011-ல் கூகுள், கூகுள் பிளஸ் என்ற வேறொரு தளத்தைத் தொடங்கி முழுக் கவனத்தையும் அதன் மீது திருப்பியது. 2014 செப்டம்பர் 30 அன்று ஆர்குட் மூடப்பட்டது. ஒரு மனிதர் தம் பெயரையே வைத்து உருவாக்கிய தளத்தை மூடுவதா, நடத்துவதா என்று முடிவெடுக்கும் உரிமை அவரிடம் இல்லை. அவர் அங்கே சம்பளம் வாங்கிய பொறியாளர், உரிமையாளர் நிறுவனம். ஆர்குட் தொடங்கிய காலத்தை ஒட்டி ஃப்ரெண்ட்ஸ்டர் என்ற இன்னொரு சமூக வலைத்தளத்தை நடத்திய ஜோனதன் ஆப்ரம்ஸ், 2003-ல் கூகுள் தர முன்வந்த 3 கோடி டாலரை வேண்டாம் என்று சொல்லித் தனியே நின்றார். கூட்டம் பெருகியபோது தளம் தாங்கவில்லை. இவ்விரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு வகுப்பில் பேசினால் மாணவர்களுக்கு எவ்வளவோ விளங்கும்.

புயுக்கொக்டென் அதோடு நின்றுவிடவும் இல்லை. கூகுளிலிருந்து வெளியேறி ஹலோ என்ற தளத்தை 2016-ல் தொடங்கி, 2018-ல் இந்தியாவுக்கும் கொண்டுவந்தார். அது நிலைக்கவில்லை. 2022-ல் பழைய ஆர்குட் முகவரியில் ஒரு கடிதம் வெளியிட்டு, புதிதாக ஒன்றை உருவாக்கி வருவதாக எழுதினார். 2001-ல் தொடங்கிய அதே எண்ணத்தை இருபது ஆண்டுகளுக்கு மேல் கைவிடாமல் சுமக்கிறார்.

இதையெல்லாம் நான் எழுதுவதற்கு வீட்டிலேயே ஒரு காரணம் இருக்கிறது. என் அக்கா மகன் இங்கே பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறான். செவ்வாய்ப்பேட்டை, சிவதாபுரம் பக்கத்துக் கொலுசுப் பட்டறைகளில் வேலை செய்வோரையும் வேலை தருவோரையும் இணைக்கும் செயலி ஒன்றை இரண்டு நண்பர்களோடு சேர்ந்து எழுதுகிறான். முதலில் உலகம் முழுவதற்கும் ஏதோ செய்யப்போவதாகத்தான் சொன்னான். கிளப் நெக்சஸ் ஒரே வளாகத்துக்காகத் தொடங்கப்பட்டது என்று நான் சொன்ன பிறகு, "அப்படின்னா நம்ம தெருவுல இருந்தே ஆரம்பிக்கிறோம் மாமா" என்றான். ஆர்குட்டின் முடிவையும் கேட்டுவிட்டு, யாருக்கு எவ்வளவு பங்கு, ஒருவர் வேலைக்குப் போய்விட்டால் நிரல் யாருக்குச் சொந்தம் என்பதை மூவரும் முத்திரைத்தாளில் எழுதிக் கையெழுத்திட்டிருக்கிறார்கள்.

ஆகவே கட்டுரையில் உள்ள அந்த வரியைத் திருத்தி வெளியிடுவதோடு, புயுக்கொக்டெனைப் பற்றி விரிவான கட்டுரை ஒன்றை, அவருடைய தோல்விகளையும் வழக்கையும் விடாமல் சேர்த்து, வரும் ஞாயிறு இணைப்புகளில் ஒன்றில் வெளியிடுமாறு தங்களைப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நீண்ட நாள் வாசகர்,
அஸ்தம்பட்டி, சேலம் – 7.