மூன்று மாதத்துக்கு ஒருமுறை பிள்ளையின் நிறை பார்த்தால் போதுமா?

கொழும்பில் முன்பள்ளிகளுக்கும் சிறுவர் கிளினிக்குகளுக்கும் பொறுப்பான அதிகாரிகளுக்கு,

வணக்கம். நான் வெள்ளவத்தையில் இருக்கும், நாலு வயது மகனின் தாய். தனியார் கம்பனி ஒன்றில் கணக்குப் பகுதியில் வேலை. மொன்டிசோரி வாசலில் தினமும் சந்திக்கும் தாய்மாரோடு கதைத்த பிறகுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் நன்றி சொல்ல வேண்டும். கர்ப்பமாக இருந்த காலத்தில் வீடு தேடி வந்த குடும்பநல உத்தியோகத்தரை நாங்கள் மறக்கமாட்டோம். பால் கொடுப்பது, ஊசி, திரிபோஷ சத்துமா என்று எல்லாம் சொல்லித் தந்தவர் அவர்தான். ஆனால் பிள்ளைக்கு இரண்டு வயது தாண்டியதும் மாதாமாதம் நிறை பார்ப்பது மூன்று மாதத்துக்கு ஒருமுறையாகிவிடுகிறது. மூன்று வயதில் எம்எம்ஆர் (சின்னமுத்து, கூகைக்கட்டு, ருபெல்லா வராமல் தடுக்கும்) இரண்டாவது ஊசி, அடுத்தது ஐந்து வயதில். இந்த இடைப்பட்ட காலத்தில்தான் பிள்ளை அடம்பிடிக்கிறது, கடிக்கிறது, சாப்பாட்டைத் துப்புகிறது, இரவில் வீறிட்டு அழுகிறது. கிளினிக்கில் தராசில் ஏற்றி, கார்டில் புள்ளி வைத்து, "கோடு பச்சையில்தான் இருக்கு, பிரச்சினை இல்லை" என்று அனுப்பிவிடுகிறார்கள். தாய் நித்திரை கொண்டாளா என்று கேட்க அங்கே நேரமில்லை. எங்களில் பலருக்கு அம்மம்மா யாழ்ப்பாணத்திலோ ஹட்டனிலோ இருக்கிறார். போனில் அழத்தான் முடியும், பிள்ளையை ஒரு மணி நேரம் பார்க்கச் சொல்ல முடியாது.

என் மகன் மூன்று வயதாகியும் இரண்டு சொல் சேர்த்துக் கதைக்கவில்லை. வீட்டில் தமிழ், மொன்டிசோரியில் ஆங்கிலம், தொடர்மாடியில் கூட விளையாடும் பிள்ளைகளோடு சிங்களம். "வீட்டிலயும் இங்கிலீஷே கதையுங்கோ, இல்லாட்டிப் பிள்ளை குழம்பிப்போகும்" என்றார் ஓர் ஆசிரியை. "அவன்ர அப்பாவும் பிந்தித்தான் கதைச்சவன்" என்றார் மாமி. பல மொழி காதில் விழுவதால் பேச்சு பிந்துவதில்லை, தனக்கு நன்றாக வரும் மொழியில்தான் தாய் பிள்ளையோடு கதைக்க வேண்டும் என்பதைத் தமிழில் விளக்கிச் சொல்லும் பேச்சுச் சிகிச்சையாளர் ஒருவரைக் கண்டுபிடிக்க எனக்கு மாதக்கணக்கானது. எனக்காவது விசாரிக்க ஆட்களும் கொடுக்கக் காசும் இருந்தன. கொட்டாஞ்சேனையில் தையல் வேலைக்குப் போகும் தாய் எங்கே போவார்? தமிழும் அரசகரும மொழி என்று 1987 இலேயே அரசியலமைப்பில் எழுதியாயிற்று. பிள்ளை எத்தனை சொல் கதைக்கிறது என்று பார்க்கிறவருக்குப் பிள்ளையின் மொழி தெரிய வேண்டாமா?

அப்புறம் நேரம். முன்பள்ளி பன்னிரண்டு மணிக்கு விடுகிறது, அலுவலகம் ஐந்து மணிக்கு. நடுவில் வேன்காரரையும் பக்கத்து வீட்டு ஆன்ரியையும் நம்பித்தான் வேலைக்குப் போகிறோம். ஆன்ரிக்குக் காய்ச்சல் என்றால் அன்றைக்கு லீவு. நல்ல டே கெயார் ஒன்றுக்குக் கட்டினால் சம்பளத்தில் மிஞ்சுவது கொஞ்சம்தான், அதனாலேயே வேலையை விட்டவர்களை எனக்குத் தெரியும். பெற்றோர் கூட்டத்தைக் கிழமை நாளில் காலை பத்து மணிக்கு வைத்துவிட்டு, தாய்க்கு அக்கறையில்லை என்று சொல்வது எங்களை மிகவும் நோகடிக்கிறது.

புதுக் கட்டடம் எதுவும் கேட்கவில்லை. கிளினிக் மண்டபமும் நாற்காலிகளும் ஏற்கெனவே இருக்கின்றன. மாதத்தில் ஒரு சனிக்கிழமை பின்னேரம் அதைத் திறந்து, தமிழ் தெரிந்த குடும்பநல உத்தியோகத்தர் ஒருவர் எங்களோடு ஒரு மணி நேரம் இருந்தால் போதும். தகப்பன்மாரையும் கூட்டி வருவோம், அவர்களும் கேட்க வேண்டிய விஷயங்கள் இவை. முன்பள்ளி மாகாண சபையின் பொறுப்பு, கிளினிக் மாநகர சபையின் பொறுப்பு என்பது எங்களுக்கும் தெரியும். நீங்கள் இரு தரப்பும் ஒருமுறை ஒன்றாக இருந்து பேசுங்கள். தமிழ் பேசும் பேச்சுச் சிகிச்சையாளர் எந்த நாளில், எங்கே இருப்பார் என்று முடிவு செய்து, ஒவ்வொரு முன்பள்ளி வாசலிலும் தமிழில் எழுதி ஒட்டுங்கள். அடுத்த தவணை தொடங்குவதற்கு முன் அதையாவது செய்து தாருங்கள்.

இப்படிக்கு,
வெள்ளவத்தையிலிருந்து ஒரு தாய்