சாவுச் சடங்கில் எதைக் குறைப்பது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இறப்புச் சடங்குகளை எரியூட்டும் நாளிலேயே முடித்துக்கொள்ளலாம், மீதியெல்லாம் வீண் செலவு என்ற கருத்து வாசகர் பகுதியில் அடிக்கடி வருகிறது. செலவைப் பற்றிச் சொல்வதில் மறுப்பில்லை. பதினாறாம் நாள் பந்தியும், தெருவை அடைக்கும் பிளெக்ஸும், மயானம் வரை கொளுத்தும் வெடியும் குறைந்தால் யாருக்கும் நட்டமில்லை. ஆனால் நடைமுறையில் குறைவது அவையல்ல. காசு கொடுத்தால் ஆகிற காரியங்கள் அப்படியே நிற்கின்றன; உறவுக்காரர்கள் தம் கையால் செய்ய வேண்டியவைதான் கழிந்துகொண்டே போகின்றன.

முதல் ஒரு மணி நேரத்தையே எடுத்துக்கொள்வோம். கண்ணை மூடிவிட்டு, நாடிக்கட்டுப் போட்டு (தாடையைத் துணியால் தலையோடு சேர்த்துக் கட்டி), கை கால் பெருவிரல்களைச் சேர்த்துக் கட்டுவதற்குச் சடங்கு என்று பெயர் இருந்தாலும் அது உடம்பை அறிந்தவர்கள் வகுத்த வேலை. இறந்து 2 முதல் 4 மணி நேரத்துக்குள் தாடையும் கழுத்தும் விறைக்கத் தொடங்கும். சுமார் 12 மணி நேரத்தில் உடல் முழுவதும் விறைத்துவிடும். அதற்குப் பிறகு திறந்த வாய் மூடாது. முஸ்லிம் வீடுகளிலும் கண்ணை மூடுவதும் தாடையைக் கட்டுவதும் முதல் வேலைகள். இன்று ஆளாளுக்குப் போன் போட்டுக் குளிர்பெட்டிக்குச் சொல்லும் அவசரத்தில் இது விட்டுப்போகிறது. குளிரில் விறைப்பு விலகுவது இன்னும் தாமதமாகும். மறுநாள் நீர்மாலை, அதாவது பங்காளிகள் கொண்டுவரும் குளிப்பு நீர், எடுத்து வந்து குளிப்பாட்டத் தூக்கினால் கை மடங்காது, பிறந்த வீட்டிலிருந்து வரும் கோடித் துணியை உடுத்த முடியாது. துணியை மேலே போர்த்தி ஒப்பேற்றிவிடுகிறார்கள்.

குளிப்பாட்டுவதில் மதங்கள் காட்டும் அக்கறை வியப்பானது. முஸ்லிம்களிடம் மய்யித்தை (இறந்தவர் உடலை) குளிப்பாட்டுவது 3, 5, 7 என ஒற்றைப்படையில் அமைய வேண்டும். வலப்பக்கத்தில் தொடங்க வேண்டும். தண்ணீரில் இலந்தை இலை, கடைசித் தண்ணீரில் கற்பூரம். கசக்கிய இலந்தை இலை நுரைக்கும் என்பதால் அது அழுக்கு நீக்கியும்கூட. பிறகு கபன் என்னும் சவத்துணி: ஆணுக்கு 3 துணி, பெண்ணுக்கு 5. யூதர்களிடம் இதற்கென்றே ஊர்க் குழு உண்டு. சுமார் 22 லிட்டர் தண்ணீரை இடைவிடாமல் ஊற்ற வேண்டும் என்பது அவர்கள் விதி. ஒரு பாத்திரம் தீரும் முன்பே அடுத்ததைச் சாய்க்கத் தொடங்கியாக வேண்டும். அப்படியானால் ஒருவர் தனியாகச் செய்யவே முடியாது. நம் நீர்மாலையும் அதே கணக்குத்தான்: பங்காளிகள் குடம் குடமாக நீர் கொண்டுவர, ஒவ்வொருவராக வந்து எண்ணெயும் சீயக்காயும் வைப்பார்கள். துக்கத்தில் கை சும்மா இருக்கக்கூடாது என்று யாரோ யோசித்திருக்கிறார்கள்.

குடம் உடைப்பதைப் பாருங்கள். நீர் நிறைந்த மண்குடத்தைத் தோளில் வைத்து இடமாக மூன்று சுற்று. சுற்றுக்கு ஒரு துளை. மூன்றாவது சுற்று முடிந்ததும் பின்பக்கமாகப் போட்டு உடைத்துவிட்டுத் திரும்பிப் பாராமல் கொள்ளி வைக்க வேண்டும். எரிவாயுத் தகனமேடைகளில் அடுத்த உடல் காத்திருக்கிறது என்று வாசலிலேயே குடத்தை ஒரே போடாகப் போட்டுவிடுகிறார்கள். சுற்றுவதற்கு ஐந்து நிமிடம்கூட ஆகாது. நீர் ஒழுகுவதைத் தோளில் உணர்ந்தபடி நடக்கும் அந்த ஐந்து நிமிடத்துக்காகத்தான் குடமே வந்தது.

அடுத்து அஸ்தி. விறகில் எரித்தால் இரவெல்லாம் கனலும். மறுநாள் பால் தெளித்ததற்கும் அதுவே காரணம்: தணல் ஆற வேண்டும், எலும்பு பொறுக்க வேண்டும். எரிவாயுவில் ஒன்று ஒன்றரை மணி நேரத்தில் வேலை முடிவதால், சூடு முழுதும் ஆறாத சாம்பலை அப்போதே வாங்கி வாசலில் பாலை ஊற்றிவிட்டு ஆற்றுக்குப் போய்விடுகிறார்கள். ஜப்பானியர் நவீனத் தகன உலைகளுக்கு என்றோ மாறிவிட்டவர்கள். இருந்தும் எலும்பு பொறுக்குவதை விடவில்லை. இரண்டு பேர் சேர்ந்து குச்சிகளால் ஒரே எலும்பைத் தூக்கிக் கலயத்தில் இடுவார்கள். காலிலிருந்து தொடங்கித் தலைக்குப் போவார்கள், கலயத்துக்குள் இறந்தவர் தலைகீழாக இருக்கக்கூடாது என்பதற்காக. சாப்பாட்டு மேசையில் ஒருவர் குச்சியிலிருந்து இன்னொருவர் குச்சிக்கு உணவு மாற்றுவதை அவர்கள் முகம் சுளித்துத் தடுப்பது இதனால்தான். (இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்தவராக இருந்தால் எரியூட்டும் முன் அதை அகற்றச் சொல்ல வேண்டும், அதன் பேட்டரி சூட்டில் வெடிக்கும். வீட்டார் சொல்ல மறக்கும் தகவல் இது.)

சாவு வீட்டில் அடுப்பு மூட்டக்கூடாது, சம்பந்தி வீட்டார் சாப்பாடு கொண்டுவர வேண்டும் என்பது நம் வழக்கம். யூதர்களுக்கும் அடக்கம் முடிந்த முதல் வேளை உணவு அயலார் தருவதாகத்தான் இருக்க வேண்டும். பெரும்பாலும் முட்டையும் பருப்பும். அழுதவர்கள் சாப்பிட மறப்பார்கள், யாராவது கட்டாயப்படுத்தி ஊட்ட வேண்டும். கேட்டரிங் ஆள் வந்து பஃபே வைத்தால் உணவு வரும், ஊட்டும் ஆள் வரமாட்டார்.

பிரிதல், இடைநிலை, மீண்டும் சேர்தல் என்ற மூன்று கட்டங்களை இத்தகைய சடங்குகளில் 1909-இல் பிரித்துக் காட்டினார் பிரெஞ்சு மானுடவியலாளர் வான் கென்னெப். நாம் பிரிதலை மட்டும் விரைவாக நடத்திவிட்டு மற்ற இரண்டையும் வெட்டுகிறோம். கருமாதியில் மாமன் உருமால் (தலைப்பாகைத் துணி) கட்டிவிடுவது மூன்றாம் கட்டம்: இனி நீ ஊர்க் காரியங்களுக்கு வரலாம் என்று சொல்லும் வேலை. மற்ற மதங்களிலும் இதற்கு நாள் கணக்கு உண்டு: கத்தோலிக்கருக்கு 7-ஆம் நாள், 30-ஆம் நாள், பிறகு ஆண்டுதோறும் நவம்பர் 2 கல்லறைத் திருநாள். யூதர்களுக்கு 7 நாள், 30 நாள்.

சடங்கு மாறவே கூடாது என்பதல்ல வாதம். கத்தோலிக்கத் திருச்சபை 1963-இல் எரியூட்டலை அனுமதித்தது. மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபெனாக் ஊசி மருந்தால் பிணந்தின்னிக் கழுகுகள் அழிய, மும்பைப் பார்சிகள் உடல்களை அக்கழுகுகளுக்கு விடும் தங்கள் அமைதிக் கோபுரங்களில் சூரிய வெப்பக் கருவிகளை வைக்க நேர்ந்தது. அந்த மருந்தைக் கால்நடைகளுக்குப் பயன்படுத்த இந்தியா 2006-இல் தடை விதித்தபோது காலம் கடந்துவிட்டிருந்தது. நம்மிடம் முதலில் ஒழிய வேண்டியவை இரண்டு: பதினாறாம் நாள் தாலி அறுப்பு என்ற பெயரில் ஒரு பெண்ணைச் சபை நடுவே சிதைப்பது, மயான வேலைகளைக் குறிப்பிட்ட சாதிகளின் தலையில் கட்டுவது. இவற்றைக் காப்பாற்றிக்கொண்டு நீர்மாலையை மட்டும் வெட்டுவது சீர்திருத்தமாகாது.

வெளியிலிருந்து ஒருவர் இதில் கைவைத்தால் என்ன ஆகும் என்பதை இலங்கை காட்டியது. கொரோனாவில் இறந்தவர்களை எரித்தே ஆக வேண்டும் என்று 2020 ஏப்ரலில் விதி வந்தது. அடக்கம் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லியும் 2021 பிப்ரவரி வரை விதி நின்றது. முஸ்லிம் குடும்பங்கள் குளிப்பாட்டவும் கபனிடவும் முடியாமல், தங்கள் மார்க்கம் விலக்கிய நெருப்புக்கு உடல்களைக் கொடுத்தன. அதன்பின்பே மட்டக்களப்பின் ஓட்டமாவடியில் அடக்க இடம் கிடைத்தது. அமைச்சரவை மன்னிப்புக் கேட்க முடிவெடுக்க 2024 ஜூலை ஆயிற்று.

தகனமேடை நடத்தும் உள்ளாட்சிகளிடம் கேட்பதற்குச் சிறிய விஷயங்கள்தான் இருக்கின்றன. உடல் உள்ளே போகும் முன் குடம் சுற்ற மேடையைச் சுற்றி ஆறடி இடம். நேரப் பட்டியலில் அதற்குப் பத்து நிமிடம். விரும்புகிறவர்களுக்கு அஸ்தியைப் பெயர் எழுதிய மண்கலயத்தில் மறுநாள் காலை வரை வைத்துக் கொடுக்க ஓர் அலமாரி.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
திருநெல்வேலி