உருளையில் இருப்பது சண்டை நடந்த தேதி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் பழைய ராணுவ ரிவால்வர்கள் பற்றி வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். படங்கள் அருமை. ஆனால் மூன்றாவது படத்தின் கீழே 'கோல்ட் நேவி, தயாரிப்பு 1843' என்று போட்டிருக்கிறீர்கள். படத்தில் குழல் எட்டுப் பட்டையாக இருக்கிறது. அது கோல்ட் நிறுவனத்தின் 1851 நேவி மாதிரி ரிவால்வர். 1843இல் அப்படி ஒரு துப்பாக்கியே கிடையாது.

தவறு எங்கே நடந்திருக்கும் என்று ஊகிக்க முடிகிறது. அந்த ரிவால்வரில் குண்டு நிரப்பும் உருளையைச் சுற்றிக் கப்பல்கள் மோதிக்கொள்ளும் காட்சி ஒன்று மெல்லிய கோடுகளில் பதிந்திருக்கும். அதன் ஓரத்தில் '16 மே 1843' என்று எழுத்து ஓடும். டெக்ஸாஸ் கடற்படை மெக்சிகோ கப்பல்களோடு அந்நாட்டின் காம்பீச் துறைமுகம் அருகே மோதிய நாள் அது. கோல்ட் ஆலை அந்தக் காட்சியை அழகுக்காக அச்சுருளையால் உருட்டிப் பதித்தது. அதே காட்சி, அதே தேதி கோல்ட்டின் 1860 ஆர்மி ரிவால்வரிலும் உண்டு. 1870இல் செய்த துப்பாக்கியிலும் 1843 என்றுதான் இருக்கும்.

குழல் மேலுள்ள முகவரியும் இப்படித்தான் ஏமாற்றும். 'சாமுவேல் கோல்ட், நியூயார்க் நகரம்' என்று இருப்பதைப் பார்த்து, நியூயார்க்கில் செய்தது என்று எழுதிவிடுவார்கள். செய்தது கோல்ட் ஆலை இருந்த ஹார்ட்ஃபோர்டில்.

நான் ஓர் அருங்காட்சியகத்தின் ஆயுதப் பிரிவில் 32 வருடம் பதிவேடு எழுதியவன். ஆனாலும் உங்கள் கட்டுரையாளரைக் கடிந்துகொள்ள எனக்குத் தகுதியில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஜப்பானிய ரிவால்வர் ஒன்று வந்தது. எழுத்துகளைப் படிக்கத் தெரிந்தவர் '26ஆம் ஆண்டு மாதிரி' என்று சொன்னார். நான் கொஞ்சமும் யோசிக்காமல் அட்டையில் 1926 என்று எழுதிவிட்டேன். மெய்ஜி ஆட்சிக்காலத்தின் 26ஆம் ஆண்டு அது, அதாவது 1893. ஒரு பார்வையாளர் வந்து சிரித்துக்கொண்டே சொல்லும்வரை, நான்கு வருடம் அந்த அட்டை கண்ணாடிக்குள் இருந்தது.

அப்புறம்தான் துப்பாக்கியில் எந்த ஆண்டைப் பார்த்தாலும் 'இது எதனுடைய ஆண்டு?' என்று கேட்கப் பழகினேன். 1873 மாதிரி கோல்ட்டில் 1871, 1872, 1875 என்று தேதிகள் இருக்கும். எல்லாம் காப்புரிமை வாங்கிய நாட்கள். 1875 இருந்தால் துப்பாக்கி அதற்குப் பிறகு செய்தது என்று மட்டும் சொல்லலாம். பிரெஞ்சு 1892 மாதிரியில் தொல்லையே இல்லை. குழலில் மாதிரியின் ஆண்டும் இருக்கும், தயாரித்த ஆண்டும் தனியாக இருக்கும். பிரிட்டிஷ் வெப்லி ரிவால்வரின் ஆறாம் மாதிரியில் ('மார்க் 6') நிலைமை தலைகீழ். 'காப்புரிமைகள்' என்ற சொல்லை ஒட்டி 1917 என்று இருக்கும். காப்புரிமைத் தேதி என்று ஒதுக்கத் தோன்றும். அங்கே அதுதான் தயாரித்த ஆண்டு!

வெப்லியில் இன்னொன்றும் பார்க்க வேண்டும். அகன்ற அம்புக்குறி இருந்தால் அரசின் உடைமை. இரண்டு அம்புகள் முனையோடு முனை முட்டிக்கொண்டு நின்றால், ராணுவம் அதைக் கழித்து வெளியே விற்றுவிட்டது என்று பொருள். இந்தக் குறிகள் கடுகளவுதான் இருக்கும். நேர் வெளிச்சத்தில் தெரியாது. அறையை இருட்டாக்கி, டார்ச்சை உலோகத்தோடு ஒட்டிப் படுக்கையாகப் பிடித்தால், பள்ளத்தில் நிழல் விழுந்து எழுத்து எழுந்து வரும். அதுவும் போதாவிட்டால் மெல்லிய தாளை மேலே வைத்துப் பென்சிலைச் சாய்த்துத் தேய்ப்பேன்.

சரி, இந்தக் கடிதத்தை அவசரமாக எழுதக் காரணம் வேறு. கட்டுரையின் கடைசியில், அந்தத் துப்பாக்கியை 'மெருகேற்றிப் புதுசாக்கப் போவதாக' உரிமையாளர் சொல்லியிருக்கிறார். தயவுசெய்து அவரைத் தடுத்துவிடுங்கள். ஒருமுறை எங்களிடம் ஒரு குடும்பத்தார் வெப்லி ஒன்றைக் கொடுத்தார்கள். கொடுப்பதற்கு முன்னால் ஆசையாக உப்புத்தாள் போட்டுக் கண்ணாடி மாதிரி பளபளப்பாக்கியிருந்தார்கள். கைப்பிடியின் பின்பக்க உலோகப் பட்டையில் படைப்பிரிவின் எழுத்துகள் இருந்த இடத்தில் ஒரு '3'இன் மேல் வளைவு மட்டும் மிச்சம். தாத்தா எந்தப் பிரிவில் இருந்தார் என்று தெரிந்துகொள்ளத்தான் அவர்கள் வந்திருந்தார்கள்.

கோல்ட் நேவியில் அந்தக் கப்பல் காட்சி மிக மேலோட்டமானது. அதுதான் முதலில் போகும். வேண்டுமானால் ஒரு சொட்டு எண்ணெய், மெல்லிய பருத்தித் துணி, அவ்வளவு போதும். அதற்கும் முன்னால், துப்பாக்கி தெரிந்த ஒருவரிடம் காட்டி உள்ளே வெடிமருந்து இருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். இந்த வகைத் துப்பாக்கிகள் நூறு வருடத்துக்குப் பிறகும் நிரப்பிய நிலையில் கிடைத்ததுண்டு.

வரிசை எண் குழலின் அடியில், துப்பாக்கியின் உடற்சட்டத்தில், விசைக் காப்பு வளையத்தில், கைப்பிடியின் அடியில், உருளையில் என்று பல இடங்களில் இருக்கும். எல்லா இடத்திலும் ஒரே எண்தானா என்று பார்த்து எழுதியனுப்பச் சொல்லுங்கள். ஒன்றாக இருந்தால் ஆண்டைக் கண்டுபிடித்துத் தருகிறேன். ஓர் இடத்தில் மாறியிருந்தால், அந்த உறுப்பு வேறு துப்பாக்கியிலிருந்து வந்ததா என்று முதலில் பார்க்க வேண்டியிருக்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பதிவேட்டு எழுத்தர், தங்கள் நெடுநாள் வாசகர்